சாம் லாக்ஸ்டன்: தொண்ணூற்று மூன்றும் தொகுதியும்

ராத்திரி முழுக்க சாம் லாக்ஸ்டன் நினைப்புதான். 1948இல் கேப்டன் பிராட்மேன் இங்கிலாந்துக்குக் கூட்டிப் போன, ஒரு ஆட்டம்கூடத் தோற்காத ஆஸ்திரேலிய கிரிக்கெட் அணியில் இருந்தவர். விக்டோரியா மாநில அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஆட்டமிழக்காமல் 232 ரன். குளிர்காலம் வந்தால் செயின்ட் கில்டா கிளப்புக்காக ஆஸ்திரேலியக் கால்பந்து.

எனக்குப் பிடித்தது அந்தப் பயணத்தின் லீட்ஸ் டெஸ்ட். அணி தடுமாறிக்கொண்டிருந்த நேரம். எதிர்முனையில் பத்தொன்பது வயதுப் பையன் நீல் ஹார்வி. லாக்ஸ்டன் இறங்கி ஐந்து சிக்ஸர் விளாசுகிறார். 93 வந்தாச்சு. சதத்துக்கு ஏழே ரன். நிதானமாக ஒன்றிரண்டு எடுத்திருக்கலாம். அவரோ இன்னொரு சிக்ஸருக்கு முழு வேகத்தில் மட்டையைச் சுழற்றினார், ஸ்டம்ப் போச்சு! நினைக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அந்த மனுஷனை அப்படித்தான் பிடிக்கிறது.

1955இல் மெல்போர்னின் பிரஹ்ரான் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் நின்று ஜெயித்தார். 1979 வரை, இருபத்து நாலு வருஷம் விக்டோரியா சட்டமன்ற உறுப்பினர். தொகுதி மக்கள் ஒருவரை அத்தனை தேர்தலில் திரும்பத் திரும்ப அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை.

நடுவில் 1959-60இல் இந்தியா வந்த ஆஸ்திரேலிய அணிக்கு மேலாளரும் இவரே. கான்பூரில் நம்ம சுழற்பந்து வீச்சாளர் ஜாசு படேல் ஒரே இன்னிங்ஸில் 9 விக்கெட் எடுத்து அவர்களைக் கவிழ்த்த தொடர். ஜனவரியில் நம்ம மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்திலும் ஒரு டெஸ்ட். அன்றைக்கு அங்கே அவரைப் பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் இரண்டு வரி எழுதுங்களேன்.