ரப்பர் ஷீட்டின் தரம் டிஷ்ஷிலேயே முடிவாகிறது

கன்னியாகுமரி மாவட்டத்தில், பேச்சிப்பாறைப் பக்கமிருந்து வரும் கோதையாறும் பெருஞ்சாணியிலிருந்து வரும் பறளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் சேர்கின்றன. அங்கிருந்து குழித்துறை வழியாகப் போய் தேங்காப்பட்டணத்தில் கடலில் கலக்கிறது ஆறு. இதன் கரையோர ஊர்களில் ரப்பர் ஷீட் அடிப்பது வீட்டுத்தொழில். நல்ல மரம், நல்ல வெட்டு எல்லாம் இருந்தும் ஷீட்டைக் கடையில் கழிக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் காரணம் டிஷ்ஷில், அதாவது பாலை உறைய வைக்கும் தட்டில்தான் இருக்கும்.

ரப்பர் பாலை வடிகட்டியதும் தண்ணீர் சேர்க்க வேண்டும். தோட்டத்துப் பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதை 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவர, 1 லிட்டர் பாலுக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் பிடிக்கும். மழைக்காலத்தில் பால் தானே நீர்த்திருக்கும், அப்போது குறைக்க வேண்டும். இப்படிக் கலந்த 4 லிட்டரில் அரை கிலோ ஷீட் கிடைக்கும். கலங்கிய ஆற்றுத் தண்ணீரையோ, துருநிறம் ஊறும் கிணற்றுத் தண்ணீரையோ ஊற்றினால் ஷீட் கறுக்கும், மண்ணும் ஒட்டும்.

அடுத்தது பாலை உறைய வைக்கும் ஆசிட். இந்த 4 லிட்டர் ஊற்றிய ஒரு டிஷ்ஷுக்கு ஃபார்மிக் ஆசிட் சுமார் 2 மில்லி போதும். அதை அப்படியே ஊற்றக் கூடாது. 400 மில்லி தண்ணீரில் ஆசிட்டை விட்டுக் கலக்கி (ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது), பாலைக் கிளறியபடி மெதுவாகச் சேர்க்க வேண்டும். மேலே எழும் நுரையை உடனே வழித்தெடுங்கள். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது தெரியும் குமிழ்கள், எடுக்காமல் விட்ட அந்த நுரையின் மிச்சம்தான். மறுநாள் அடிப்பதானால் ஆசிட்டைச் சற்றுக் குறைக்கலாம். உறைந்ததைக் கையால் அமுக்கும்போது தெளிந்த நீர் வர வேண்டும். பால்போல வெள்ளையாக வந்தால் ஆசிட் போதவில்லை. அடித்தால் ரப்பர் தண்ணீரோடு போய்விடும். விலை குறைவு என்று சல்ஃப்யூரிக் ஆசிட் வாங்குகிறவர்கள் உண்டு. அளவு சற்றுக் கூடினாலும் ஷீட் பிசுபிசுக்கும், ரோலரும் அரிக்கும். அப்படிக் காசை மிச்சம் பிடிக்கிற காரியம் நட்டம்தான்.

உறைந்ததை ரோலரில் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும்வரை அடித்து, கடைசியாகக் கோடு விழும் ரோலரில் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆசிட் தங்கினால் காய்வது தாமதமாகும், பூசணமும் ஏறும். நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் நீர் வடியட்டும்.

பிறகு புகைப்புரையில் (ஷீட்டைப் புகையில் காயவைக்கும் அறையில்) நாலைந்து நாள். வெப்பம் 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. போனால் கொப்புளம் கிளம்பும். முதல் நாள் 40-45 டிகிரி போதும். ஈர ஷீட்டுக்குத் திடீர்ச் சூடு ஆகாது. தடித்த இடத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே ஈரம் இருக்கிறது, எடுக்காதீர்கள்.

ஷீட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு டிஷ் கழுவின தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதில் ஆசிட்டோடு புரதமும் சர்க்கரையும் இருக்கின்றன. ஆற்றில் விட்டால் அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். கோடையில் ஆறு மெலிந்து ஓடும்போது மீனைத்தான் முதலில் பாதிக்கும். கிணற்றுக்குத் தள்ளி ஒரு தொட்டி கட்டித் தேக்குங்கள். சுண்ணாம்பு சேர்த்தால் புளிப்பு முறியும். மாடு வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: சாணத்தில் ஓடத் தொடங்கிய சாண எரிவாயு தொட்டியில் இந்தத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பழக்கினால் அடுப்புக்கு வாயு கிடைக்கும். ஒரேயடியாக ஊற்றினால் தொட்டி புளித்து வாயு நின்றுபோகும்.