இருபத்துநான்கு கையெழுத்து

2025 ஜனவரி கடைசி வாரம். மணப்பாறை சிப்காட் வளாகத்தில் சாரணர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி (ஜாம்போரி என்கிற பெரிய முகாம்) நடந்துகொண்டிருந்தது. எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேறு வேலையாக மணப்பாறைக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு முறுக்குக் கடை வாசலில், கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பெண்பிள்ளைகள் ஏழு பேர் நின்றிருந்தார்கள். யாருக்கும் தமிழ் தெரியவில்லை. பதின்மூன்று வயது இருக்கும் ஒருத்தி விரலைக் காட்டி விலை கேட்டாள். மற்றவர்களிடம் காசு வாங்கி எண்ணிக் கொடுத்தாள், மீதிச் சில்லறையைப் பிரித்தாள், எல்லாரும் இருக்கிறார்களா என்று தலையை எண்ணிப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள். கூட வந்த டீச்சர் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் இருபது வருடமாகக் கணக்கு டீச்சர். திண்டுக்கல் மாவட்டத்தில் வடமதுரைப் பக்கம் ஒரு உதவி பெறும் பள்ளி. என் வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கக்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் எழுந்திருப்பார்கள். ஊர் திரும்பும் பஸ்ஸில் அந்த டீச்சரைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் கேட்டார். பையன்களுக்குச் சாரணப் படை ஏற்கெனவே இருக்கிறது, பெண்பிள்ளைகளுக்கு இல்லை, யாராவது பொறுப்பு எடுத்துக்கொள்ள முடியுமா என்று. கையைத் தூக்கினேன். சாரணியர் படைக்குப் பொறுப்பானவரைக் கைடு கேப்டன் என்றும், படையைக் கம்பெனி என்றும் சொல்வார்கள் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரியும்.

கைடு கேப்டன் ஆக முதலில் ஏழு நாள் அடிப்படைப் பயிற்சி. அங்கேயே தங்க வேண்டும். வீட்டில் மாமியாரும் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனும் இருக்கிறார்கள். ஏழு நாளைக்கான இட்லி மாவையும் குழம்புப் பொடியையும் தயார் செய்து வைத்துவிட்டுத்தான் போனேன்.

பயிற்சி என்றால் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். அங்கே நாங்கள்தான் சாரணியர்கள். எட்டு எட்டுப் பேராகப் பிரித்து ஒவ்வொரு அணிக்கும் ஒரு பூவின் பெயர் வைத்தார்கள். தினமும் ஒருத்தர் அணித் தலைவி. விடிவதற்கு முன்னால் விசில். சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் வகுத்த ஆறு உடற்பயிற்சிகள், கூடாரச் சோதனை, கொடியேற்றம், இந்தியில் இறைவணக்கம். பிறகு மாலை வரை முடிச்சு, முதலுதவி, திசைகாட்டி, விசில் சைகை. இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்து பாட்டும் நாடகமும். மூன்றாம் நாள் பாத்திரம் இல்லாமல் சமைத்தோம். முட்டையை ஈர மண்ணால் மூடிக் கங்குக்குள் புதைத்தோம். இளநீர்க் கூட்டுக்குள் அரிசி போட்டு வேகவைத்தோம். அன்றைக்கு நான்தான் தலைவி. எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய, மற்ற ஏழு பேரும் சும்மா நின்றார்கள். சாப்பாடு நன்றாகத்தான் வந்தது. ஆனால் பயிற்சி கொடுத்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சமைச்சுட்டீங்கம்மா, உங்க அணி சமைக்கல" என்றார். அதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்ததும் பதிவு வேலை. கம்பெனியைப் பதிய வேண்டும், பிள்ளைகளின் பட்டியல் கொடுக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். எங்கள் படிவம் ஒரு அலுவலகத்திலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது. பிறந்த தேதி ஓரிடத்தில் ஒரு மாதிரி, இன்னோரிடத்தில் ஒரு மாதிரி. புதிதாகத் தொடங்குகிறவர்கள், கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பெயரும் தேதியும் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதிவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சமாகும்.

2025 ஆகஸ்ட் 1, வெள்ளிக்கிழமை மாலை முதல் கூட்டம். 1907-இல் அதே நாளில்தான் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது பையன்களோடு பேடன் பவல் முதல் முகாமைத் தொடங்கினார். ஆனால் என் பிள்ளைகளுக்கு நான் சொன்னது 1909-இல் நடந்த கதை. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்களின் பேரணி. அழைப்பே இல்லாமல் சில பெண்பிள்ளைகள் சாரண உடையில் வந்து நின்று, தாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். அடுத்த ஆண்டே பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பெண்களுக்கென்று இயக்கத்தை நடத்த ஆரம்பித்தார். இந்தியாவின் முதல் கம்பெனி 1911-இல் ஜபல்பூரில் தொடங்கிவிட்டது. கதை முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அவங்க வீட்ல விட்டாங்களா டீச்சர்?" அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது மூன்று வாரமாக அந்தக் கேள்வியோடுதான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இருபத்துநான்கு பேர், மூன்று அணி: மல்லிகை, தாமரை, செம்பருத்தி. முதலில் அணித் தலைவிகளை நானே தேர்ந்தெடுத்தேன், மார்க் எடுக்கிற மூன்று பேரை. அது தப்பு. அவர்கள் எதற்கும் என்னிடமே வந்து நின்றார்கள். செப்டம்பரில் அணிகளையே கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தாமரை அணி தேர்ந்தெடுத்தது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணை. ஏன் என்று கேட்டதற்கு, "அவதான் டீச்சர் எல்லாரும் வந்தாச்சான்னு பார்ப்பா" என்றார்கள்.

முடிச்சுப் பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. க்ளோவ் ஹிட்ச் போட்டுக் காட்டினேன். "இது எங்கப்பா ஆடு கட்டுறது டீச்சர்" என்று ஒருத்தி என்னைவிட வேகமாகப் போட்டாள். போலைன் முடிச்சின் வளையம் இழுத்தாலும் இறுகாது, கிணற்றில் விழுந்தவரின் இடுப்பில் கட்டித் தூக்கலாம் என்றதும் எல்லாரும் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு உண்டு. கிணற்றுச் செய்தி இல்லாத வருடம் கிடையாது.

சேர்ந்ததும் உறுதிமொழி எடுத்துவிட முடியாது. குறைந்தது மூன்று மாதம் பிரவேஷ் என்ற நுழைவு நிலைக்கான பயிற்சி இருக்கிறது: உறுதிமொழி, ஒன்பது சட்டங்கள், மூன்று விரல் வணக்கம், இடக்கைக் குலுக்கல், தினம் ஒரு நற்செயல். நவம்பர் 7, பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-இல் தொடங்கப்பட்ட நாள். 2025-இல் அது வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று மாலை இருபத்துநான்கு பேரும் ஒவ்வொருவராக முன்னால் வந்து உறுதிமொழி எடுத்தார்கள். ஸ்கார்ஃபை நான் கழுத்தில் போட்டுவிட்டேன். இடக்கை கொடுத்தேன். பாதிப் பேருடைய கை ஜில்லென்று இருந்தது.

அடுத்து வருவது முகாம். அரையாண்டு விடுமுறையில், பள்ளி மைதானத்திலேயே, இரண்டு இரவு மூன்று பகல். தலைமையாசிரியர் அனுமதியும் மாவட்டச் சாரணர் அமைப்பின் அனுமதியும் வாங்கிவிட்டேன். பெற்றோர் கையெழுத்துத்தான் பெரிய வேலை.

பெற்றோர் கூட்டத்துக்குப் பதினேழு வீட்டிலிருந்து வந்தார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். ஆளுமை வளர்ச்சி, தலைமைப் பண்பு என்று பேசுவதற்குத் தாள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதைப் பிரிக்கவே இல்லை. அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. எங்கே படுப்பார்கள்? ராத்திரி யார் முழித்திருப்பார்கள்? கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? பூச்சி பொட்டு வந்தால்? மாதவிலக்கு ஆகிவிட்டால்? ஒரு அம்மா நேராகவே சொன்னார்: "வயசுக்கு வந்த புள்ள டீச்சர். ராத்திரி வெளிய தங்குறதுன்னா அவங்கப்பா ஒத்துக்க மாட்டாரு."

எல்லாமே நியாயமான கேள்விகள். அதனால் பிள்ளைகள் கூடாரத்தில் பயிற்சி எடுக்கலாம், ஆனால் இரவில் வகுப்பறையில்தான் படுக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தோம். முதல் முகாமுக்கு அது போதும். கழிப்பறையை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு கதவின் தாழ்ப்பாள் ஆடியது. கூட்டத்துக்கு வந்திருந்த தச்சர் அப்பா ஒருவர் மறுநாளே வந்து இரண்டு கதவுக்கும் புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை.

அப்போது ஒரு அம்மா தயங்கிக்கொண்டே, "நானும் வந்து கூடத் தங்கிக்கிறட்டுமா டீச்சர்?" என்றார். முதலில் வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்புறம் யோசித்தேன். இரவில் நானும் இன்னொரு டீச்சரும் மட்டும் இருந்து மாற்றி மாற்றிக் கண்விழிக்க முடியாது. பெரியவர்கள் வேண்டும். வாருங்கள், ஆனால் உங்கள் மகள் இல்லாத அணியைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். சம்மதித்தார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள்.

தன்னார்வலராக வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் ஒரே நிபந்தனை, கரண்டியைப் பிடுங்கக் கூடாது. இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். போன சனிக்கிழமை ஒரு நாள் சமையல் ஒத்திகை வைத்தோம். மூன்று அணிக்கும் மூன்று அடுப்பு, சோறும் சாம்பாரும். அடுப்பு பற்றிப் பத்து நிமிடம் ஆகவில்லை, அம்மாக்கள் நான்கு பேரும் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் ஓரமாக நின்றார்கள். இளநீர்க் கூட்டுச் சோறு சமைத்த அன்று நான் எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தது. நால்வரையும் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப் போய் மணப்பாறை முறுக்குக் கடையில் பார்த்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் மரத்தடியை விட்டு வரவில்லை, பார்வையைமட்டும் எடுக்கவில்லை. மல்லிகை அணியின் சோறு குழைந்தது. செம்பருத்தி சாம்பாரில் உப்பே இல்லை. புகையில் கண் சிவந்து, மூன்று அணியும் தாங்கள் சமைத்ததைத் தாங்களே வழித்துச் சாப்பிட்டார்கள். "வீட்டுல இந்தச் சோத்தை வச்சா தட்டைத் தள்ளிருவா" என்று ஒரு அம்மா சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். புகை அவர் உட்கார்ந்திருந்த பக்கம் வரவில்லை.

முகாமின் ஒரு காலையில் கிராமச் செவிலியர் வந்து பாம்புக்கடி, தீக்காயம், எலும்பு முறிவுக்கான முதலுதவி சொல்லித் தருகிறார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா திசைகாட்டியும் கூடாரமும் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பிப்ரவரி 22 பேடன் பவல், அவர் மனைவி ஓலேவ் இருவருக்குமே பிறந்தநாள். உலகம் முழுக்கச் சாரணியர்கள் சிந்தனை தினமாகக் கொண்டாடுவது. 2026-இல் அது ஞாயிறு என்பதால் காலையில் ஒரு நடைப்பயணம் வைத்திருக்கிறோம். கண்மாய்க் கரையோடு போய்த் திரும்புவது. வழிக்குறிகளை முந்தின நாள் பிள்ளைகளே போய்ப் போட்டுவிட்டு வருவார்கள். நடைப்பயணத்தில் பிள்ளைகளுக்கு முன்னும் பின்னும் நடக்க ஆள் வேண்டும். சைக்கிளோடு ஒருவர், அவசரத்துக்கு ஆட்டோவோ காரோ வைத்திருப்பவர் ஒருவர். வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வந்து தையலோ தோட்ட வேலையோ எதுவானாலும் சொல்லித்தரக் கூடியவர்களும் வேண்டும். படித்திருக்க வேண்டும் என்று இல்லை. எங்கள் ஊரில் யாராவது இதைப் படித்தால் பள்ளிக்கு வந்து என்னைப் பாருங்கள்.

இன்று வரை இருபத்துமூன்று அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. அதில் நான்கு கைநாட்டு. ஒரு பாட்டி தாழ்ப்பாளைத் தானே போட்டுப் பார்த்து, உள்ளே நின்று பேத்தியை வெளியிலிருந்து தள்ளச் சொல்லி, திறக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மையில் விரல் வைத்தார்.

இருபத்துநான்காவது, தாமரை அணித் தலைவியுடையது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வருகிற சனிக்கிழமைதான் ஊருக்கு வருகிறார். அம்மா "அவர் வரட்டும் டீச்சர்" என்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். நேற்று அந்தப் பெண் முகாமுக்கான சாமான் பட்டியலை என்னிடம் கொடுத்தாள். எட்டுப் பேருக்கு எட்டுத் தட்டு, எட்டு டம்ளர், எட்டுப் போர்வை. முதல் இரவுக் காவலுக்கு எதிரே தன் பெயரை எழுதியிருந்தாள். அதை அடிக்கச் சொல்லவில்லை.