மூலக்குறியின் மேற்கோடு: பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் நான் இழந்த எட்டு மதிப்பெண்

பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வில் கணிதத்தில் 90க்கு 82 பெற்றேன். மீதி எட்டு எங்கே போயிற்று என்று தெரியாமல் இருக்கப் பிடிக்காததால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தேன். நகல் வந்தது. திருத்தியவர் மீது இருந்த கோபம், மூன்று மதிப்பெண்ணுக்கான 40ஆம் எண் கட்டாய வினாவைப் பார்த்ததும் என் மீதே திரும்பிவிட்டது.

அது எல்லை காணும் கணக்கு. எளிய வடிவில் எழுதுகிறேன். மாறியை அ என்று குறிக்கிறேன். அ பூச்சியத்தை நெருங்கும்போது (√(அ+4) − 2)/அ என்பதன் எல்லை வேண்டும். தொகுதியையும் பகுதியையும் √(அ+4) + 2 ஆல் பெருக்கினால் தொகுதியில் (அ+4) − 4, அதாவது அ மட்டும் நிற்கும். அது பகுதியிலுள்ள அ உடன் நீங்கிவிட, 1/(√(அ+4) + 2) மிஞ்சும்; அ = 0 என இட்டால் விடை 1/4. இந்த முறை எனக்குத் தெரியும், முதல் வரியைச் சரியாகவும் எழுதியிருக்கிறேன். ஆனால் இரண்டாம் வரிக்கு எடுத்தெழுதியபோது மூலக்குறியின் மேற்கோடு அ வரை மட்டுமே ஓடி நின்றுவிட்டது. 4 வெளியே விழுந்தது. நான் போட்ட கோட்டையே நம்பி, √அ + 4 − 2 என்பதை √அ + 2 எனச் சுருக்கி, √அ − 2 ஆல் பெருக்கி, அ − 4 வரை கொண்டுபோனேன். பிறகு பகுதியில் பூச்சியமும் தொகுதியில் −4உம் வந்து நிற்க, பிழையை வேறெங்கோ தேடியே பதினைந்து நிமிடம் கழிந்தது. கடைசி ஐந்து மதிப்பெண் வினாவைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்றும் ஐந்தும் எட்டு.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது இதுதான்: மூலத்துக்குள் கூட்டலோ கழித்தலோ இருந்தால் அடைப்புக்குறி போட்டுவிட்டு, அதன் பிறகே மேற்கோட்டை இழுங்கள். அசிங்கமாகத் தெரியும் என்று நண்பர்கள் சொல்வார்கள், தெரியட்டும்.

பெருக்கலில் நான் மனக்கணக்கை நம்பாதவன். (2√அ + 3)(√அ − 5) என்றால் நான்கு உறுப்புகளையும் தனித்தனியே எழுதுவேன்: 2அ − 10√அ + 3√அ − 15. சுருக்கினால் 2அ − 7√அ − 15. உடனே அ = 4 என இட்டுப் பார்ப்பேன். கொடுத்த கோவை 7 × (−3) = −21; என் விடை 8 − 14 − 15 = −21. முழு வர்க்க எண்ணாக எடுத்தால் அரை நிமிடம்கூட ஆகாது. வேகமாக எழுதுபவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கலாம்.

இன்னும் சில:

- (√அ + √ஆ)² என்பது அ + ஆ அன்று. நடுவில் 2√(அஆ) உண்டு.
- √அ × √ஆ = √(அஆ) என்பதை இரண்டும் குறையெண் அல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு மதிப்பெண் வினாக்களில் வரும் பொறி இது.
- √(அ+6) = அ போன்ற சமன்பாட்டை வர்க்கப்படுத்தினால் 3, −2 என இரண்டு விடைகள் வரும். இட்டுப் பார்த்தால் −2 பொருந்தாது. அதை நீக்கியதையும் எழுதிக் காட்டுங்கள்.
- √(அ²) என்பது அ-வின் மட்டு மதிப்பு, அதாவது குறைக்குறி நீங்கிய மதிப்பு.

மறுகூட்டலுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை.