அம்மாவின் அந்தரத்துக்குக் காரணம் வயிற்றில் இருந்தது

டிமென்ஷியா என்னும் மறதி நோயின் கடைசிக் கட்டம் எப்படியிருக்கும் என்று இந்த வழியில் வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அம்மாவுக்குப் பேச்சும் நடையும் நின்று, எல்லாம் கட்டிலோடு என்றாகிவிட்டது. அதுவரை சமாளித்தோம். பிறகு அந்தரம் தொடங்கியது. பொழுது சாய்ந்தால் கால்களை உதைப்பார், போர்வையை இழுப்பார், சட்டையைக் கழற்றப் பார்ப்பார். விடியும்வரை ஒரே முனகல்.

பக்கத்து டிஸ்பென்சரி மருத்துவர் அம்மாவை வந்து பார்க்காமலே, நான் சொன்னதைக் கேட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். "இந்த வருத்தம் இப்படித்தான்" என்றார். மாத்திரையால் அம்மா பகலில் வாயைத் திறந்தபடி தூங்கினார். கஞ்சி தொண்டையில் இறங்காமல் புரைக்கேறியது. இரவு அந்தரமோ குறையவில்லை. கனடாவில் இருக்கும் அக்கா, "கொஞ்சம் கூட்டிக் கொடுக்கச் சொல்" என்றார். தொலைவில் இருப்பவர்களுக்கு எல்லா மருந்தும் குறைவாகவே தெரியும்.

இதற்கிடையில் துணி அடிக்கடி நனைந்தது, தண்ணீர் போன்ற மலம். வயிற்றோட்டம் என்று மருந்துக்கடையில் சொன்னேன். நிறுத்தும் மாத்திரை தந்தார்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி. நோயாளி வராமல் பதிவுத் துண்டு போட முடியாது என்றார் கவுண்டரில் இருந்தவர். எழும்ப முடியாதவர் என்று சொன்னேன், தலையை நிமிர்த்தவேயில்லை. வான் பிடித்து, பின் ஆசனத்தில் கிடத்தி, ஒவ்வொரு குழிக்கும் அம்மா முகம் சுளிக்கக் கொண்டுபோனோம். வெயில் ஏறும்வரை நடையில் காத்திருந்தோம். அம்மாவின் விரல்கள் என் பையின் வாரைப் பிடித்துப் பிய்த்துக்கொண்டேயிருந்தன. எங்கள் முறை வந்தபோது, இது வேறு நாள் கிளினிக் என்றார்கள். அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். அன்று மாலை வந்தவர் முதலில் எதுவும் கேட்கவில்லை. கையைக் கழுவி, அடிவயிற்றில் மெல்ல அழுத்தினார். அம்மாவின் புருவம் சுருங்கி, கை அவருடைய கையைத் தட்டிவிட்டது. "கட்டியாக மலம் எப்போது போனது? சலம் ஒழுங்காகப் போகிறதா?" என்றார். வயிற்றோட்டம் என்றேன். "இது வயிற்றோட்டம் இல்லைப் பிள்ளை, உள்ளே இறுகிக் கிடக்கிறது, அதைச் சுற்றிக் கசிகிற தண்ணீர்தான் வருகிறது. அதுவே சலப்பையையும் அடைக்கும்."

அவர் சொல்லி வீட்டுக்கு வந்த இளம் மருத்துவர் பார்த்து உறுதிசெய்தார். எனிமா கொடுத்தார். வயிறு இளகியது, அடைபட்டிருந்த சலமும் போனது. அன்றிரவு அம்மா தூங்கினார். வயிற்றோட்ட மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார் மருத்துவர், தூக்க மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார்.

ஆகவே, அந்தரம் என்றால் மருந்து கேட்குமுன் இவற்றைப் பாருங்கள்: மலம் போனதா, சலம் போனதா, காய்ச்சலா, முதுகிலோ குதிக்காலிலோ படுக்கைப்புண்ணா, பல் நோவா. சொல்ல முடியாதவர்களுக்கு நோவு முகத்தில்தான் தெரியும்: சுளிப்பு, இறுகிய தாடை, புரட்டும்போது கூடும் முனகல். மருத்துவர் சொன்ன அளவில் பரசிற்றமோலைக் குளிப்பாட்ட அரைமணிக்கு முன் கொடுப்பதால் அம்மா இப்போது கத்துவதில்லை. மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் தினமும் உண்டு. மலம், சலம், தூக்கம் மூன்றையும் ஒரு கொப்பியில் குறிக்கிறோம்.

ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடோல் போன்ற மனநோய் மருந்துகளை யாராவது எழுதினால் ஏன், எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவை பக்கவாதத்தையும் இறப்பையும் கூட்டக்கூடும். இப்படிப்பட்ட புதிய மருந்துகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இலும், பழையவற்றைப் பற்றி 2008இலும் எச்சரித்தது. வேறு வழியில்லாத நேரங்களும் இருக்கின்றன, ஆனால் முதல் வழியாக வேண்டாம்.

கைகளைக் கட்டிவைக்கச் சொல்பவர்களும் வருவார்கள். கட்டினால் அந்தரம் கூடும், தோலும் உரியும். அம்மா ஒரு காலத்தில் ஓலைப்பெட்டி இழைத்தவர். பழைய நூல் சேலையைக் கிழித்துப் பட்டி பட்டியாகக் கையில் கொடுத்தோம். விரல்கள் அதில் வேலை செய்கின்றன, போர்வை தப்பியது. படுத்த வாயில் தேநீர் ஊற்ற வரும் உறவினரை வாசலிலேயே நிறுத்துங்கள். வாய் காய்ந்தால் ஈரத் துணியால் உதட்டை நனைத்தால் போதும்.

இரவு அந்தரத்தைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். பகலில் மருத்துவர் முன் அம்மா அமைதியாகவே கிடப்பார், நீங்கள் சொல்வதை ஒருவரும் நம்பமாட்டார்கள். அந்தப் படமும், எழும்ப முடியாதவர் என்று இளம் மருத்துவர் எழுதிய கடிதமும் கொண்டு அதே கவுண்டருக்குப் போனேன். இம்முறை அம்மா இல்லாமலே துண்டு கிடைத்தது. கடிதத்தின் பிரதிகளை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பிரதியை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.