ஏத்தத்துக்குப் பயப்படுறவங்க, இறக்கத்துக்குப் பயப்படுறதில்ல

குன்னூர்ல டிரைவிங் கத்துக்கொடுக்கிறதுதான் என் வேலை. வர்றதுல நிறையப் பேரு கீழ சமவெளியில ஓட்டிப் பழகி, லைசென்ஸும் வாங்கிட்டு, வேலை மாறி இங்க வந்தவங்க. எல்லாருக்கும் ஏத்தம்னாதான் பயம், "சார், வண்டி பின்னாடி உருண்டுருமே"னு. அது ஹேண்ட் பிரேக்கும், கிளட்ச்சப் பாதி விட்டுப் பிடிக்கிற ஹாஃப் கிளட்ச்சும் கை கால்ல செட் ஆயிட்டா போயிரும்.

இறக்கம்தான் ஆளக் காட்டிக் கொடுக்கும். லீவு நாள்ல மேட்டுப்பாளையம் ரோட்டுல பர்லியார் பக்கம் போய் நின்னீங்கன்னா பிரேக் கருகுற நாத்தம் மூக்கத் துளைக்கும், ஓரமா நிக்கிற கார்ல முன் வீல் புகையுது, யாராவது பாட்டில் தண்ணிய எடுத்து அதுமேல ஊத்திட்டு இருப்பாங்க. ஊத்தாதீங்க. கொதிக்கிற பிரேக் டிஸ்க்ல தண்ணி பட்டா வளைஞ்சுரும், விரிசல்கூட விடும். சும்மா நிறுத்தி ஆற விட்டாப் போதும்.

கால எடுக்காம மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு ஏறி பிரேக் ஆயிலே கொதிச்சு உள்ள குமிழி வந்துரும், அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி கீழ போகும், வண்டி நிக்காது. அதான் எந்த கியர்ல ஏறுனியோ அதே கியர்ல இறங்குன்னு பழைய லாரிக்காரங்க சொல்றது. செகண்ட்ல போட்டா "இஞ்சின் கத்துது சார், கெட்டுராதா"ம்பாங்க. கத்தட்டும்பா, அதுதான் வண்டியப் பிடிச்சு வச்சிருக்கு! பிரேக்க வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்தி விட்டுரணும், தேய்ச்சுக்கிட்டே வரக்கூடாது.

நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு இன்னும் நம்புறாங்க பாருங்க, எனக்கு எரிச்சலே அதுதான். இப்போ வர்ற இஞ்செக்‌ஷன் வண்டியில கியர்ல இருந்து ஆக்சிலேட்டர விட்டா பெட்ரோலே கட் ஆயிடுது, நியூட்ரல்லதான் இஞ்சின் அணையாம ஓடுறதுக்குக் (ஐடிலிங்) குடிக்கும். இஞ்சினையே ஆஃப் பண்றவங்களும் உண்டு, நாலு மிதிக்கப்புறம் பிரேக் பெடல் கல்லாயிரும், ஸ்டீயரிங்கும் திரும்பாம அடம் பிடிக்கும்.

கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவு. ஊட்டியில இருந்து அந்த வழியா மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிய விடமாட்டாங்க, டிஎன் 43, அதாவது நீலகிரி பதிவு வண்டிதான் போகும். டூரிஸ்ட்டுங்க செக்போஸ்ட்ல சண்டை போடுவாங்க, நான் போலீஸ் பக்கம்தான்.

ஆட்டோமேட்டிக் வச்சிருக்கவங்க டி-யிலயே (டிரைவ்) விட்டுறாதீங்க, இறக்கத்துல அது பாட்டுக்கு மேல் கியருக்குப் போயிரும். எல் (லோ கியர்) இருந்தா எல், இல்லன்னா மேனுவல் மோடுல செகண்ட். எதிர்ல ஏறி வர்ற வண்டிக்கு நின்னு வழி விடுங்க, ரூலும் அதுதான்.