குழாய்க்கு வெளியே இருக்கும் கொழுப்பு

ஜூன் 3

கரோனரி சி.டி. ஆஞ்சியோ, அதாவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாய்களின் ஸ்கேன், எடுப்பது என் வேலை. ரத்தக்குழாய்க்குள் அடைப்பு எத்தனை சதவீதம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். குழாயைச் சுற்றியிருக்கும் கொழுப்பை யாரும் கேட்பதில்லை. அதுவும் அதே படத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கொழுப்பு இதயத் தசையின் மேலேயே ஒட்டியிருக்கும். நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. நல்ல நிலையில் இருந்தால் தசைக்கு எரிபொருள் தரும். கெட்டால், அது சுரப்பதெல்லாம் பக்கத்துக் குழாயின் சுவரைத்தான் முதலில் தாக்கும்.

ஜூன் 5

2003-ல் வந்த ஆய்வு ஒன்றை மறுபடி படித்தேன். பைபாஸ் செய்துகொண்ட 42 பேரின் இதயக் கொழுப்பையும் காலில் தோலுக்கடியில் இருந்த கொழுப்பையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் இதயக் கொழுப்பில்தான் கூடுதல். ஆள் பருமனா, சர்க்கரை உண்டா என்பதெல்லாம் இதை மாற்றவில்லை.

சிலருக்குக் கரோனரிக் குழாய் கொஞ்ச தூரம் தசைக்குள் புதைந்து ஓடும். அந்தத் துண்டைச் சுற்றிக் கொழுப்பு இருக்காது. அங்கே அடைப்பும் அநேகமாக இருக்காது. தசையின் அழுத்தமும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் படத்தில் பார்க்கும்போதெல்லாம் யோசிக்க வைக்கிறது.

ஜூன் 6

இரட்டை ஷிப்ட். எழுதத் தெம்பில்லை.

ஜூன் 9

ஒடிசலான ஒரு மளிகைக்கடைக்காரர் வந்தார். நாடித் துடிப்பு இறங்க மாத்திரை கொடுத்து உட்கார வைத்திருந்தோம். "எனக்கு ஏது தம்பி கொழுப்பு?" என்றார். வெளியே தெரியாத கொழுப்பும் உண்டு அண்ணே என்றேன். நம் ஊர்க்காரர்களுக்கு எடை குறைவாக இருந்தாலும் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரும் என்பதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தகும்.

ஜூன் 12

ஆக்ஸ்ஃபோர்டில் சாரலம்போஸ் அன்டோனியாடிஸ் குழு 2017-ல் காட்டியது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். குழாய்ச் சுவரில் அழற்சி வந்தால் அதிலிருந்து கிளம்பும் பொருள்கள் பக்கத்துக் கொழுப்புச் செல்களை முதிர விடுவதில்லை. செல் சிறிதாகவே நிற்கும். எண்ணெய் குறைந்து நீர்ச்சத்து கூடும். சி.டி. படத்தில் ஒவ்வொன்றின் அடர்த்திக்கும் ஒரு எண் உண்டு: தண்ணீர் 0, கொழுப்பு -190 முதல் -30 வரை. அழற்சி கூடக் கூட எண் பூஜ்ஜியம் பக்கம் நகரும். ஆக, கெடுதல் இரண்டு பக்கமும் போய்வருகிறது.

2018-ல் ஜெர்மனியின் எர்லாங்கன், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நோயாளிகளின் பழைய ஸ்கேன்களில் இதைப் பார்த்தார்கள். வலது கரோனரியைச் சுற்றியுள்ள கொழுப்பின் எண் -70.1-க்கு மேல், அதாவது பூஜ்ஜியத்துக்கு இன்னும் பக்கத்தில், இருந்தவர்களுக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல்.

ஜூன் 14

2024-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் 40,000-க்கும் மேற்பட்டவர்கள். பெரிய அடைப்பு இல்லாதவர்களே ஐந்தில் நான்கு பேர். இதய மரணங்களிலும் பாதிக்கு மேல் அவர்களிடையேதான். "அடைப்பு இல்லை, போய்வாங்க" என்று அனுப்புகிறோமே, அது போதாது.

எங்கள் இயந்திரத்தில் இந்தக் கொழுப்பு எண்ணைக் கணக்கிடும் மென்பொருள் இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஸ்கேனின் எக்ஸ்ரேயை 120 கிலோவோல்ட்டில் வைத்தால் ஒரு எண், 100-ல் வேறொரு எண் வரும். அதனால் வோல்ட்டேஜ் விவரத்தோடு மூலப் படங்களை அழிக்காமல் வைக்கச் சொல்லி ரேடியாலஜி டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். சேமிப்பு இடம் பற்றி நிர்வாகத்திடம் பேசுவதாகச் சொன்னார்.