மிஞ்சிய இலக்கங்கள்

எங்கள் கல்லூரியின் பதினேழு வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணியில் எனக்குக் கிடைத்த இலக்கம் 12. கிடைத்தது என்பதைவிட மிஞ்சியது என்பதே பொருந்தும்; ஒன்று முதல் பதினொன்று வரை களத்தில் நிற்பவர்களுக்கு, பன்னிரண்டு வாங்கில் இருப்பவனுக்கு. விளையாட்டுக்குப் பொறுப்பான மாஸ்டர் வெறும் சட்டைகளை வாங்கிவர, சந்தியிலிருந்த தையற்காரர் கறுப்புத் துணியில் இலக்கங்களை வெட்டி முதுகில் தைத்துக் கொடுப்பார். அவர் தைக்கும் 8 எப்போதும் ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். 1988இல் கனடாவில், ரொறன்ரோவை அடுத்த ஸ்காபரோவில் ஒரு விளையாட்டுப் பொருட் கடையின் பின்னறையில், ஐஸ் ஹொக்கி ஜேர்சிகளில் பெயரும் இலக்கமும் தைக்கும் வேலைக்கு அமர்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான். பதினெட்டு ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தேன். சறுக்குக் காலணியை ஒருநாளும் காலில் மாட்டாத நான், எந்த வீரர் எந்த இலக்கத்தை ஏன் அணிந்தார் என்பதை மட்டும் ஓரளவு அறிந்தவனானது அப்படித்தான்.

வீரர்கள் தங்களுக்குப் பிடித்த இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்றே தொடக்கத்தில் நம்பியிருந்தேன். கடைக்கு வந்துபோகும் பழைய இரசிகர்கள் அந்த எண்ணத்தைக் கலைத்தார்கள். 1946இல் டெற்றொயிற் அணியில் சேர்ந்த கோர்டி ஹோவ் முதலில் அணிந்தது 17. அக்காலத்தில் அணிகள் ஊர்விட்டு ஊர் போனது இரவுப் புகையிரதத்தில். சிறிய இலக்கக்காரர்களுக்குக் கீழ்த்தட்டுப் படுக்கை, பெரிய இலக்கக்காரர்களுக்கு மேல்தட்டு. 9ஐ அணிந்திருந்தவர் அணியை விட்டுப் போனதும், அதை எடுத்துக்கொண்டால் வசதியாக உறங்கலாம் என்று சொல்லப்பட, ஹோவ் 9க்கு மாறினார். காங்கேசன்துறையிலிருந்து கொழும்புக்கு இரவு மெயிலில் போய்வந்த எம்மவர்களுக்கு இந்த நியாயத்தை நான் விளக்கத் தேவையில்லை.

மொன்றியலில் மொறிஸ் றிச்சர்ட் 15இலிருந்து அதே 9க்கு மாறியதற்குக் காரணம் வேறு. அவருடைய மூத்த மகள் பிறந்தபோது ஒன்பது இறாத்தல் நிறை இருந்தாள். தகப்பன் போய் 9ஐக் கேட்டு வாங்கினார். நான் அறிந்த காரணங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

ஹோவை வழிபட்ட வெய்ன் கிரெட்ஸ்கி 1977இல், பதினாறு வயதில், சூ செயின்ற் மரியின் இளையோர் அணிக்குப் போனபோது அவருக்கும் 9தான் வேண்டியிருந்தது. அதை மூத்த வீரர் ஒருவர் வைத்திருந்தார். 19ஐயும் 14ஐயும் போட்டுப் பார்த்தும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பருவத்தில் நியூயோர்க் அணியில் பில் எஸ்போசிட்டோ 77ஐயும் கென் ஹொட்ஜ் 88ஐயும் அணியத் தொடங்கியிருந்ததைக் கண்ட பயிற்றுநர் மஸ் மக்பேர்சன், ஒரு ஒன்பது கிடைக்காவிட்டால் இரண்டைப் போட்டுக்கொள் என்றார். இன்று வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் எவற்றிலும் எவரும் அணிய முடியாதபடி 2000ஆம் ஆண்டு ஓய்வளிக்கப்பட்ட 99, இன்னொருவர் விட்டுக்கொடுக்க முடியாத 9இலிருந்து பிறந்தது. பிறகு மாரியோ லெமியூ அதைத் தலைகீழாகப் புரட்டி 66 ஆக்கினார். எங்கள் கடையில் இரண்டுக்கும் ஒரே அச்சுத்தான்.

புதிதாகத் தெரிவாகும் இளைஞர்களின் நிலைதான் எனக்கு வாங்கு நாட்களை நினைவூட்டும். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களை எடுத்துக்கொள்ளும் தெரிவு நாளன்று மேடையில் கொடுக்கப்படும் ஜேர்சியின் இலக்கம் அவர்களுடையதே அல்ல. அது அந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். செப்டெம்பரில் பயிற்சி முகாமுக்குப் போனால், ஐம்பது அறுபது பேருக்கு நடுவே, உபகரணப் பொறுப்பாளர் எதை மாட்டி வைத்திருக்கிறாரோ அதுதான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் உள்ள இலக்கத்தைப் பார்த்தவுடனேயே, இவனை இந்த ஆண்டு கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பார்வையாளர் கணித்துவிடுவார்கள். அணியில் நிலைத்தவர்கள் சிலர் சிறிய இலக்கத்துக்குத் தாவுவார்கள்; சிலர் முகாமில் கிடைத்ததையே விடாப்பிடியாக வைத்துக்கொள்வார்கள். என் மதிப்பு இந்த இரண்டாம் வகையினர் மீதே.

கேட்டுப் பெறும் செல்வாக்கு உள்ளவர்களும் உண்டு. 1987ஆம் ஆண்டு எட்டாம் மாதம் ஏழாம் திகதி பிறந்த சிட்னி குறொஸ்பிக்கு 87. அதில் சுவை ஒன்றும் இல்லை. அலெக்சாண்டர் மொகில்னியின் 89 அப்படியல்ல. 1988இன் தெரிவில் 89ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, 1989இல் சோவியத் அணியை விட்டுத் தப்பி வந்தவர் அவர். 2001இல் அவர் ரொறன்ரோவுக்கு வந்தபோது அந்த 89ஐ நானே பல முதுகுகளில் தைத்தேன். செக் நாட்டின் யரோமிர் யாகர் அணிந்த 68, சோவியத் படைகள் பிராக் நகருக்குள் புகுந்த 1968ஐக் குறிப்பது. நிலத்தைப் பறிகொடுத்துச் சிறையும் கண்ட அவருடைய தாத்தா இறந்ததும் அந்த ஆண்டில்தான். கடைக்கு வரும் எங்கள் ஆட்களிடம் நான் விரித்துச் சொல்லாமலே விளங்கிய இலக்கம் இது ஒன்றுதான்.

இலக்கத்துக்கு ஓய்வளிக்கும் வழக்கம் ரொறன்ரோவிலேயே தொடங்கியது. 1933 டிசெம்பரில் பொஸ்ரனில் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டு உயிர் தப்பிய ஏஸ் பெய்லிக்காக, 1934 பெப்ரவரி 14 அன்று நடத்தப்பட்ட நிதி திரட்டும் ஆட்டத்தில் அவருடைய 6 ஒதுக்கிவைக்கப்பட்டது. ஆயினும் 1968இல் அந்த 6ஐ றொன் எல்லிஸ் அணிய வேண்டும் என்று கேட்டவர் பெய்லியேதான். பொஸ்ரனில் 1987 டிசெம்பரில் எஸ்போசிட்டோவின் 7க்கு ஓய்வளித்த இரவில், அந்த இலக்கத்தை அப்போது அணிந்திருந்த றே போர்க் எல்லோர் முன்னிலையிலும் தமது ஜேர்சியைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். உள்ளே அவர் அணிந்திருந்தது 77. ரொறன்ரோ அணி நெடுங்காலம் மூத்தோரின் இலக்கங்களைக் கௌரவித்ததோடு நிறுத்திக்கொண்டு, 2016இல்தான் பதினொன்றை ஒரே இரவில் ஓய்வுக்கு அனுப்பியது. மொன்றியல் ஒதுக்கியவையோ பதினைந்து. ஓய்வுபெற்ற இலக்கங்களைப் பதாகைகளாக அரங்கின் கூரையில் தொங்கவிடுவார்கள். சிறிய இலக்கங்கள் இப்படிக் கூரைக்கு ஏறிவிட்டால், புதிதாக வரும் பையனுக்குப் பெரிய இலக்கம்தானே மிஞ்சும்?

அந்தப் பதினொன்றில் ஒன்று டக் கில்மோரின் 93. கல்கரியில் 39 அணிந்திருந்த அவர் 1992இல் இங்கே வந்து 93 ஆனார். அடுத்த இளவேனிலில் நான் அதைத் தவிர வேறெதையும் தைத்ததாக நினைவில்லை. அந்த ஆண்டு என் மகன் சிறுவர் அணியொன்றில் சேர்ந்தான். சிறுவர் சட்டைகளில் சிறிய அளவுக்குச் சிறிய இலக்கம். அணியிலேயே மெலிந்தவனான அவனுக்கு 3. முன்னால் ஒரு ஒன்பதைத் தைத்துத் தாருங்கள் அப்பா என்று பருவம் முழுவதும் கெஞ்சினான். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய இரவு, பருவம் முடிந்ததும் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தே, நூலோட்டமாக ஒரு 9ஐத் தைத்தேன். நடுவில் இருந்த 3க்குப் பக்கத்தில் அது இடப்புறம் சாய்ந்து, எங்கள் சந்தித் தையற்காரரின் கைவேலை போலவே இருந்தது. முதலாம் பகுதி முடிவதற்குள் ஆட்டக்குறிப்பு எழுதுபவர் என்னைக் கூப்பிட்டு, பட்டியலில் 93 என்று யாரும் இல்லை என்றார். இடைவேளையில் திறப்பின் நுனியால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தெடுத்தேன். மகன் ஒன்றும் பேசாமல் முதுகைக் காட்டியபடி நின்றான். அடுத்த ஆண்டு அந்த 3ஐ வேறொரு பிள்ளை அணிந்து வந்தபோது, பக்கத்தில் ஒன்பதின் வடிவில் ஊசித் துளைகள் இருந்தன.